கல்தூசியும் பச்சை ஒளியும்

பேத்தமங்களா ஏரிக்கும் கோலார் தங்கவயலுக்கும் இருப்பது தண்ணீர் உறவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலாற்றை இங்கே தேக்கி, வடிகட்டி, குழாய் வழியே சுரங்க நகரத்துக்கு ஏற்றினார்கள். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து லைன் வீடுகளில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் இறங்கின. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. ஆனால் உள்ளே இறங்கியவர்களின் நுரையீரலுக்குள் போன கல்தூசி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அதை வெளியே எடுக்க எந்த மருந்தும் இல்லை.

தங்கவயலில் தங்கம் வெண்கல் நரம்புகளில் ஓடியது. வெண்கல் என்பது சிலிக்கா. துளை போட்டு, வெடி வைத்து, பொடியாக்கினால்தான் தங்கம் பிரியும். அந்தப் பொடியில் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய துகள்கள், மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குக்கும் சிறியவை, மூக்கையும் தொண்டையையும் தாண்டி நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்ச் சேர்கின்றன. 1940களில் தங்கவயல் தொழிலாளர்களிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல், சிலிக்காத் தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் இருந்தது தெரியவந்தது. இந்தியாவில் இந்த நோயின் வரலாற்றை எழுதுகிற எவரும் முதல் பக்கத்தில் கோலாரின் பெயரைத்தான் எழுதுகிறார்கள்.

தூசி நுரையீரலைத் தழும்பாக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பாதி. தெரியாத மறுபாதியைப் பற்றியது இந்த அத்தியாயம். 1914-ல் எடின்பரோவில் பைரம் பிராம்வெல் என்ற மருத்துவர், தோல் இறுகிக் கல்லாகும் ஸ்கிளெரோடெர்மா நோய் கல்தச்சர்களிடம் வழக்கத்துக்கு மீறி இருப்பதைக் கவனித்தார். 1953-ல் கார்டிஃபில் அந்தோணி காப்லன், மூட்டுவாதம் வந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலில் தனி வகை முடிச்சுகளைக் கண்டு எழுதினார். 1957-ல் தென் ஆப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் ஸ்கிளெரோடெர்மா கூடுதலாக வருவதை எராஸ்மஸ் என்ற மருத்துவர் பதிவு செய்தார். சிலிக்காவும் ஸ்கிளெரோடெர்மாவும் ஒருவரிடம் சேர்ந்து வந்தால் இன்றும் அதற்கு எராஸ்மஸ் நோய்த்தொகுதி என்றுதான் பெயர். விட்வாட்டர்ஸ்ராண்டுக்கும் தங்கவயலுக்கும் கடல் நடுவே கிடக்கிறது. சிலிக்காத் தூசியும் வேலையும் ஒன்றுதான்.

தூசிக்கும் தோலுக்கும் என்ன தொடர்பு? காற்றறைகளைச் சுத்தம் செய்ய மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கு செல்கள் இருக்கின்றன. அவை சிலிக்காத் துகளை விழுங்கும், செரிக்க முடியாது. துகள் செல்லின் செரிமானப் பையைக் கிழிக்கிறது. செல் அழற்சிச் செய்திகளை அலறி வெளியிட்டுச் சாகிறது. வெளியே விழுந்த அதே துகளை அடுத்த செல் விழுங்குகிறது. வருடக்கணக்கில் ஓயாமல் நடக்கும் இந்தச் சாவில், செல்லின் உட்கருவுக்குள் மூடிக் கிடக்க வேண்டிய டி.என்.ஏ.வும் புரதங்களும் வெளியே கொட்டுகின்றன. அழற்சி மூட்டத்தின் நடுவே இவற்றைச் சந்திக்கும் தடைகாப்பு மண்டலம் சிலரிடம் நிரந்தரமாகத் தவறான பாடம் கற்றுக்கொள்கிறது: சொந்த உட்கருவுக்கு எதிராகவே எதிர்ப்பொருள் செய்யத் தொடங்குகிறது. இவையே சுய எதிர்ப்பொருள்கள்; உட்கருவுக்கு எதிரான இவற்றை லேப் ரிப்போர்ட்டில் ‘ஏ.என்.ஏ.’ என்று சுருக்கி எழுதுவார்கள். லூபஸ், ஸ்கிளெரோடெர்மா, ஷோகிரன், தசை அழற்சி என்று இணைப்புத் திசு நோய்கள் அனைத்திலும் நோயாளியின் இரத்தத்தில் இவற்றைத் தேடுகிறோம்.

இங்கே ஒரு சிக்கல். ஸ்கிளெரோடெர்மாவோ லூபஸோ இல்லாத, வெறும் சிலிக்கோசிஸ் மட்டும் உள்ளவர்களிடமும் இந்த எதிர்ப்பொருள்கள் மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகின்றன. ஆகவே தங்கவயல் போன்ற ஊரில் ‘ஏ.என்.ஏ. பாசிட்டிவ்’ என்று அச்சிட்ட காகிதத்தை வேறு ஊர்களில் படிப்பதுபோலப் படிக்கக் கூடாது. எந்தச் சோதனை அதைச் சொன்னது என்று பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

சோதனைகளின் கதை 1948-ல் தொடங்குகிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மால்கம் ஹார்கிரேவ்ஸும் உடன் பணியாற்றியவர்களும் லூபஸ் நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையில் விசித்திரமான செல்லைக் கண்டார்கள்: ஒரு வெள்ளணு இன்னொரு செல்லின் உட்கருவை முழுதாக விழுங்கி வைத்திருந்தது. அதற்கு எல்.ஈ. செல் என்று பெயரிட்டார்கள். உட்கருவின் மீது ஒட்டி அதை விழுங்கத் தூண்டுவது நோயாளியின் சீரத்தில், அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரில், உள்ள எதிர்ப்பொருள் என்பது பிறகு புரிந்தது. கண்ணால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய சோதனை அது, தவறவிடுவது எளிது.

1957-ல் ஜார்ஜ் ஃப்ரையூவும், இங்கிலாந்தில் ஹோல்பரோ குழுவினரும் ஒளிரும் சாயத்தை இந்தத் துறைக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணாடித் தகட்டில் செல்களைப் பதிய வைத்து, மேலே நோயாளியின் சீரத்தைத் துளி விட வேண்டும். எதிர்ப்பொருள் இருந்தால் உட்கருவில் ஒட்டும். கழுவிவிட்டு, மனித எதிர்ப்பொருளைப் பிடிக்கும் இன்னொரு எதிர்ப்பொருளை, பச்சையாக ஒளிரும் சாயம் கட்டி, ஊற்ற வேண்டும். இருட்டறையில் நுண்ணோக்கியின் கீழ் ஒளி பாய்ச்சினால், ஒட்டிய இடமெல்லாம் ஆப்பிள் பச்சையில் எரியும். இதுதான் மறைமுக ஒளிர்வு முறை. லேப் ரிப்போர்ட்டில் ‘ஐ.எஃப்.ஏ.’ என்று இருக்கும்.

முதலில் எலியின் ஈரலையோ சிறுநீரகத்தையோ சீவி அதில் பார்த்தார்கள். அந்த உட்கருக்கள் சிறியவை, பிரிந்துகொண்டிருக்கும் செல்களும் குறைவு. பின்னர் ஹெப்-2 என்னும் மனிதச் செல்வரிசை வந்தது. உட்கரு பெரிது; பிரியும் செல்களும் நிறைய. முன்பு கண்ணில் படாத சென்ட்ரோமியர் எதிர்ப்பொருளை 1980-ல் அடையாளம் காண முடிந்ததற்கு இதுவே காரணம். ஹெப்-2 குரல்வளைப் புற்றிலிருந்து வந்தது என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தார்கள். உண்மையில் அவை ஹீலா செல்கள் என்று மரபணுச் சோதனை காட்டியது. 1951-ல் பால்டிமோரில் கருப்பைவாய்ப் புற்றால் இறந்த ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் செல்கள், அவரைக் கேட்காமல் எடுக்கப்பட்டவை, உலகின் ஆய்வுக்கூடங்களில் எல்லாம் வளர்ந்து பரவிக் கலந்துபோயிருந்தன. கோலார் மாவட்டத்துப் பெண் ஒருவரின் சீரத்தில் நோய் இருக்கிறதா என்று இன்று நமக்குச் சொல்வது ஹென்ரியட்டாவின் உட்கரு. அவர் பெயரை இந்தப் புத்தகத்தில் ஒரு முறையாவது எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

ஒளிர்வு முறையின் பலம், அது ஒன்றையும் முன்கூட்டித் தேர்ந்தெடுப்பதில்லை என்பது. ஒரு ஹெப்-2 செல்லில் நூற்றுக்கும் மேற்பட்ட புரதங்கள் அவற்றுக்குரிய இடத்தில், பெரும்பாலும் அவற்றுக்குரிய வடிவத்தில் இருக்கின்றன. எதற்கு எதிரான எதிர்ப்பொருள் வந்தாலும் எங்காவது ஒளிரும். எப்படி ஒளிர்கிறது என்பதிலும் செய்தி உண்டு. உட்கரு முழுவதும் சீராக ஒளிர்ந்தால் டி.என்.ஏ., ஹிஸ்டோன் பக்கம் எண்ணம் போகும். பொட்டுப் பொட்டாக இருந்தால் எஸ்.எம்., ஆர்.என்.பி., ரோ, லா என்னும் புரதங்கள். எண்ணிவிடக்கூடிய புள்ளிகளாக, பிரியும் செல்லின் நடுவில் அணிவகுத்து நின்றால் சென்ட்ரோமியர். உட்கருவுக்குள் இரண்டு மூன்று திட்டுகள் மட்டும் ஒளிர்ந்தால் உட்கருமணி; ஸ்கிளெரோடெர்மாவை நினைக்க வைக்கும் கோலம். இந்தக் கோலங்களுக்கு ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு பெயர் வைத்துக் குழப்பியதால், 2014-ல் சாவ் பாவ்லோவில் தொடங்கிய ஒரு பன்னாட்டு முயற்சி அவற்றை ஏ.சி.-1, ஏ.சி.-2 என்று எண்ணிட்டு ஒழுங்குபடுத்தியது.

பலவீனமும் அங்கேதான். நுண்ணோக்கிக்குப் பின்னால் பயிற்சி பெற்ற கண் வேண்டும். ஒரே தகட்டை இருவர் இரு விதமாகப் படிக்கலாம். சீரத்தை இரட்டிப்பு இரட்டிப்பாக நீர்த்து, எந்த அளவு வரை ஒளிர்கிறது என்று பார்ப்பதுதான் டைட்டர். 1:80, 1:160, 1:320 என்று போகும். ஒரு படி முன்னே பின்னே இருப்பது சோதனையின் இயல்பான தடுமாற்றம். போன மாதம் 1:160, இந்த மாதம் 1:320 என்று பார்த்து நோய் இரட்டிப்பானதாகப் பயப்படத் தேவையில்லை.

பயப்படாமலிருக்க இன்னொரு காரணம் 1997-ல் எங் டான் தலைமையில் வெளிவந்த ஆய்வு. பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து நோயில்லாதவர்களின் சீரத்தைச் சோதித்தன. 1:40 அளவில் 31.7 சதவீதம் பேரிடமும், 1:80-ல் 13.3 சதவீதம், 1:160-ல் 5 சதவீதம், 1:320-ல் 3.3 சதவீதம் பேரிடமும் ஒளிர்ந்தது. கை கால் வலிக்கிறது என்று வரும் ஆயிரம் பேரைக் கண்ணை மூடிக்கொண்டு சோதித்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். அவர்களில் ஐந்து பேருக்கு லூபஸ் இருப்பதாகவும் ஐவரையும் சோதனை பிடித்துவிடுவதாகவும் வைத்துக்கொள்வோம். கூடவே நோயில்லாத நூற்று முப்பது பேருக்கும் 1:80 பாசிட்டிவ் வரும். அந்த நூற்று முப்பது குடும்பங்கள் எத்தனை இரவு தூங்காமல் கிடக்கும்! அறிகுறி பார்க்காமல் ஏ.என்.ஏ. எழுதுவதை நான் சிறிய பிழையாக நினைக்கவில்லை.

சரி, கண்ணை நம்பாமல் இயந்திரத்தை நம்பலாமே? 1971-ல் ஸ்வீடனில் எங்வாலும் பெர்ல்மானும் எலைசா முறையைக் கண்டுபிடித்தார்கள். பிளாஸ்டிக் தட்டின் குழிகளில் ஆன்டிஜெனை, அதாவது எதிர்ப்பொருள் ஒட்டும் இலக்குப் பொருளை, பூசி, சீரத்தை விட்டு, நொதியால் நிறம் வரவழைத்து, நிறத்தை இயந்திரம் எண்ணாக்குகிறது. வேகம் அதிகம், செலவு குறைவு, நிபுணர் தேவையில்லை. சிறிய ஊர் லேப்களுக்கு இது பெரிய வரம். ஆனால் குழியில் எதைப் பூசினோமோ அதற்குத்தான் பதில் கிடைக்கும். எட்டுப் பத்து ஆன்டிஜென் மட்டும் பூசிய கிட்டும் ‘ஏ.என்.ஏ.’ என்ற பெயரிலேயே விற்கப்படுகிறது. நோயாளியின் எதிர்ப்பொருள் பதினோராவதற்கு எதிரானது என்றால் ‘நெகட்டிவ்’ என்று அச்சாகி வரும். உண்மையான லூபஸ் நோயாளிகள் இப்படி நழுவிப்போவதைப் பார்த்துத்தான், முதல் சோதனைக்கு ஹெப்-2 ஒளிர்வு முறையே அளவுகோலாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க வாதநோய்க் கல்லூரி அறிவித்தது. 2019-ன் லூபஸ் வகைப்பாட்டு விதிகளும் ஹெப்-2-வில் 1:80 அல்லது அதற்கு இணையான முடிவையே நுழைவாயிலாக வைத்திருக்கின்றன.

எந்தப் புரதத்துக்கு எதிரானது என்று குறிப்பாக அறிய வேறு முறைகள். மிகப் பழையது ஸ்வீடனின் ஊக்டர்லோனி 1948-ல் விவரித்த இரட்டைப் பரவல். அகார் கூழில் எதிரெதிரே குழி தோண்டி, ஒன்றில் ஆன்டிஜென், மற்றதில் சீரம். இரண்டும் கூழுக்குள் மெல்லப் பரவிச் சந்திக்கும் இடத்தில் வெள்ளைக் கோடு விழும். ஒரு நாள், இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். எதிர்ப்பொருள் நிறைய இருந்தால்தான் கோடு தெரியும். ஆனால் விழுந்த கோடு பொய் சொல்வது அரிது. எஸ்.எம். எதிர்ப்பொருளை டானும் குங்கலும் 1966-ல் இனம் கண்டது இந்தக் கூழில்தான்.

இன்று அதன் இடத்தைப் பிடித்திருப்பது கோட்டுப் பட்டை முறை, லேப்காரர்கள் சொல்லும் ‘லைன் பிளாட்’, ‘ஏ.என்.ஏ. புரொஃபைல்’. மெல்லிய பட்டையில் பத்துப் பதினைந்து புரதங்களை வரிவரியாகப் பதித்திருப்பார்கள். சீரத்தில் நனைத்தால் பொருந்திய வரி கறுக்கும். எவ்வளவு கறுத்தது என்பதை ஒன்று, இரண்டு, மூன்று கூட்டல் குறியாக எழுதித் தருவார்கள். ஒரே நேரத்தில் இத்தனை பதில் என்பதால் எல்லோருக்கும் பிடிக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, பட்டையில் ஒட்டி உலர்ந்த புரதம் செல்லுக்குள் இருந்த மடிப்போடு இருப்பதில்லை என்பது. பேத்தமங்களா ஏரியில் நீந்தும் மீனையும் சந்தையில் விற்கும் கருவாட்டையும் ஒருவர் ஒரே மீன் என்று அடையாளம் சொல்லலாம், இன்னொருவர் தடுமாறலாம். மடிப்பைப் பார்த்துப் பிடிக்கும் எதிர்ப்பொருள் பட்டையில் தோற்றுப்போகும். மடிப்பு கலைந்ததால் வெளியே வந்த துண்டில் சம்பந்தமில்லாத எதிர்ப்பொருள் ஒட்டிக்கொள்ளவும் செய்யும்.

டி.என்.ஏ. எதிர்ப்பொருளுக்கு மட்டும் ஓர் அழகான தந்திரம் உண்டு. ஈக்களின் குடலில் வாழும், மனிதருக்குத் தீங்கு செய்யாத கிரிதிடியா என்ற ஒற்றைச் செல் உயிரிக்கு, உட்கருவுக்கு வெளியே தூய டி.என்.ஏ. வளையங்கள் நெருங்கிக் கிடக்கும் ஒரு சிறு உறுப்பு இருக்கிறது. அந்தப் புள்ளி ஒளிர்ந்தால் எதிர்ப்பொருள் டி.என்.ஏ.வுக்குத்தான், வேறெதற்கும் இல்லை. எலைசா அதிகம் பேரைப் பிடிக்கும், கிரிதிடியா குறைவாகப் பிடித்தாலும் உறுதியாகப் பிடிக்கும். இரண்டும் ஒத்துப்போனால் மருத்துவர் தயங்க வேண்டியதில்லை.

இனி இருவரைக் கற்பனை செய்துகொள்வோம். முதலாமவர் சாம்பியன் ரீஃபில் சுரங்கம் மூடும் வரை துளை போட்ட பெரியவர். இருமல், மூச்சிரைப்பு, எக்ஸ்ரேயில் சிலிக்கோசிஸ் முடிச்சுகள். யாரோ எழுதிக் கொடுத்த புரொஃபைலில் எஸ்.சி.எல்.-70 வரிக்கு நேரே ஒரு கூட்டல் குறி. அது டோபோஐசோமரேஸ் என்னும் உட்கருப் புரதத்துக்கு எதிரானது. ஸ்கிளெரோடெர்மாவின் முத்திரை என்றும் நுரையீரல் தழும்பின் முன்னறிவிப்பு என்றும் பாடநூல்கள் சொல்லும். ஆனால் ஒற்றைக் கூட்டல் எஸ்.சி.எல்.-70 பட்டையிலும் எலைசாவிலும் பொய்யாக வருவதற்குப் பேர்போனது. முதலில் பார்க்க வேண்டியது ஹெப்-2 தகட்டை. உண்மையான எதிர்ப்பொருள் என்றால் அங்கே அதற்கே உரிய கோலம், பெரும்பாலும் உயர்ந்த டைட்டரில், தெரிய வேண்டும். தகடு இருண்டு கிடந்து பட்டை மட்டும் கறுத்தால் சந்தேகப்பட வேண்டும். அடுத்துப் பார்க்க வேண்டியது அவர் கையை. விரல் தோலைக் கிள்ளி எடுக்க முடிகிறதா? குளிரில் விரல் வெளுக்கிறதா? நகக்கண் ஓரத்து நுண்குழாய்கள் சிதைந்திருக்கின்றனவா? எதுவுமே இல்லையென்றால் அந்தக் கூட்டல் குறிக்காக அவருக்கு மருந்து தரக் கூடாது.

ஏனென்றால் இங்கே தவறின் விலை பெரிது. ஸ்கிளெரோடெர்மா நுரையீரலுக்குத் தரும் மைகோஃபெனலேட் போன்ற மருந்துகள் தடைகாப்பை அடக்குபவை. சிலிக்கோசிஸ் உள்ளவருக்கோ காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. அடங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியின் மேலிருந்து காவலை எடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்பது தங்கவயல் குடும்பங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டாமவர் ஏரியைச் சுற்றிய ஊர்களில் ஒன்றிலிருந்து கிரானைட் குவாரிக்கு வேலைக்குப் போகும் பெண். மார்கழிக் காலையில் விரல்கள் முதலில் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவக்கின்றன. மோதிரம் கழற்ற வரவில்லை. உள்ளூர் லேபில் எலைசா ஏ.என்.ஏ. ‘நெகட்டிவ்’. “ஒண்ணுமில்லம்மா, குளிருதான்” என்று அனுப்பிவிடுவார்கள். இதே சீரத்தை ஹெப்-2 தகட்டில் வைத்தால் உட்கருமணி 1:640-ல் பளிச்சென்று எரியலாம். எலைசா தட்டில் பூசாத ஃபிப்ரில்லாரின் போன்ற புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள் அது. பட்டையில்கூட அந்த வரி இல்லாமல் போகலாம். முன்னவரிடம் காகிதம் இல்லாத நோயைச் சொன்னது. இவரிடம் இருக்கிற நோயை மறைக்கிறது. இவருக்கு உடனே வேண்டியது நெஞ்சு சி.டி., மூச்சுச் சோதனை, எக்கோ. சி.டி.யில் சிலிக்காவின் முடிச்சுகள் பொதுவாக மேல் மடல்களிலும், ஸ்கிளெரோடெர்மாவின் தழும்பு அடிப்பகுதியிலும் தெரியும். இரண்டும் சேர்ந்திருந்தால் அது எராஸ்மஸ் சொன்னதேதான். சாதாரணமாக மூட்டுவலிக்கு எழுதும் அதிக அளவு ஸ்டீராய்டு இவருடைய சிறுநீரகத்தையே ஆபத்தில் தள்ளும் என்பதால், நோயின் பெயர் சரியாகத் தெரிவது மாத்திரையைத் தொடுவதற்கு முன்பே நடக்க வேண்டிய காரியம்.

குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரோ எதிர்ப்பொருள் உள்ள தாய்மாரில் நூற்றுக்கு இருவர் அளவில் கருவிலேயே குழந்தையின் இதயத் துடிப்பு தடைபடுகிறது. சில ஹெப்-2 தகடுகளில் ரோ சரியாக ஒளிர்வதில்லை. எனவே கண் வறட்சி, வாய் வறட்சி என்று சொல்லும் பெண்ணுக்கு, ஒளிர்வு முறை ‘நெகட்டிவ்’ என்றாலும் ரோவைத் தனியாகச் சோதித்துப் பார்ப்பது நியாயம். தசை அழற்சியில் வரும் ஜோ-1 எதிர்ப்பொருளும் அப்படியே: அது உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் ஒளிரும். உட்கருவை மட்டும் பார்த்து ‘ஏ.என்.ஏ. நெகட்டிவ்’ என்று எழுதும் லேபில் அது காணாமல் போய்விடும்.

பாலாறு இறங்கிப் போகும் திசையிலேயே போனால் வேலூர். தீராத நோய்க்கு இந்தப் பக்கத்து மக்கள் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு ரயிலேறும் வழக்கம் நெடுநாளையது. அப்படிப் புறப்படும்போது பழைய ரிப்போர்ட்டுகளைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் சோதனை முறை எழுதியிருக்கிறதா, டைட்டர் இருக்கிறதா, கோலம் குறித்திருக்கிறதா என்று பாருங்கள். ‘பாசிட்டிவ்’ என்ற ஒரு சொல் மட்டும் இருந்தால் லேபில் கேட்டு எழுதி வாங்குங்கள்; அது உங்கள் உரிமை. பாசிட்டிவ் ஏ.என்.ஏ.வை மாதாமாதம் திரும்பச் செய்யாதீர்கள், அந்த எண் நோயின் ஏற்ற இறக்கத்தைக் காட்டுவதில்லை. லூபஸில் அந்த வேலையைச் செய்வது டி.என்.ஏ. எதிர்ப்பொருளும் சிறுநீர்ச் சோதனையும். பிறகு, மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்: எந்தச் சுரங்கத்தில், எந்தக் குவாரியில், எத்தனை வருடம், துளை போட்டீர்களா கல் உடைத்தீர்களா, தண்ணீர் தெளித்தா உலர்வாகவா. ரத்தம் எடுக்கும்போது நிரப்பும் சீட்டில் வயதுக்கு இடமுண்டு, ஆணா பெண்ணா என்பதற்கு இடமுண்டு. செய்த வேலைக்கு இடம் இல்லையென்றால் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள்.